ஊர் பேரை எழுதிக்கினு போன வண்டிங்க

பென்னலூர்
22-9-91, ஞாயிறு

அன்புள்ள மகள் கங்காவுக்கு அம்மா ஆசையோட எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஹேமந்தும் அந்தப் பிலாய் வெயில்லயும் புகையிலயும் நோய்நொடி அண்டாம இருக்கணும்னு தெனமும் பெருமாளைக் கும்பிடறேன். இங்க நானும் உங்க அப்பாவும் உடம்பளவுல நல்லா இருக்கோம், தம்பி பகலவன் வீட்டுலதான் இருக்கான். இதுல இன்னா சேதின்னு நீ நினைப்பே, ஆனா இந்த ஒரு வரியை எழுத முடியற வரைக்கும் உனக்கு லெட்டரே போடக் கூடாதுன்னு இருந்தேன். உன் ரெண்டு லெட்டருக்கும் பதில் இல்லைன்னு கோவிச்சிக்காதே கண்ணு.

தம்பி கம்பெனியில அவன் லைன்லயே வேலை செய்யற எல்லப்பனை உனக்குத் தெரியாது, நீ கல்யாணம் ஆகிப் போனப்புறம் மறைமலை நகர்ல சேர்ந்தவன். அவனுக்கும் கன்னியம்மாவுக்கும் ஒரே பொண்ணு, பிரவீனா, ஆறு வயசு. பொறந்ததுல இருந்து நெஞ்சுல ஓட்டை. நாலு எட்டு நடந்தா உதடு நாவப்பழம் தின்னாப்பல ஆயிடும், அப்படியே குந்திக்கும். மழைக்காலத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும்னு மெட்ராஸ்ல டாக்டர் சொல்லிட்டாரு. யூனியன்ல வசூல் பண்ணாங்க, பசங்க ஓவர்டைம் பார்த்துக் குடுத்தாங்க, போதலை. அப்பதான் கோபால், நம்ம பஜார் பக்கத்துப் பையன், புல்லட் வெச்சிருக்கானே அவன், ஏழு பேரு ஏழு வண்டியில கன்னியாகுமரி வரைக்கும் போலாம், ஊருக்கு ஊரு பஸ் ஸ்டாண்டுல நின்னு கேக்கலாம்னு ஆரம்பிச்சான். நம்ம தம்பிக்கு சொல்லணுமா, அந்த எஸ்டி பைக்கை ராவும் பகலும் தொடச்சிக்கினு கிடந்தான். வண்டிக்கு ஒரு உண்டியல், முன்னாடி அந்தக் குழந்தையோட படம், பின்னாடி துணி பேனர், "ஒரு குழந்தையின் உயிருக்காக, ஸ்ரீபெரும்புதூர் இளைஞர்கள்"னு செவப்பு எழுத்துல.

உங்க அப்பா அந்த ஊர் பேரை எடுத்துடுடா, காலம் சரியில்லைன்னாரு. மே மாசம் இங்க கூட்டத்துல குண்டு வெடிச்சதுல இருந்து வெளியூர்ல நம்ம ஊர் பேரைச் சொன்னாலே ஜனங்க ஒரு மாதிரி திரும்பிப் பார்க்கறாங்க, நீயும் போன லெட்டர்ல எழுதியிருந்தே, பக்கத்து வூட்டுக்காரம்மா கேட்டாங்கன்னு. தம்பி கேக்கலை. அதுக்காகத்தாம்பா எழுதறோம், ஒரு நல்ல காரியத்துக்கும் நம்ம ஊர் பேரு காதுல விழட்டுமேன்னு சொன்னான். உங்க அப்பாவுக்கு உள்ளுக்குள்ள பெருமைதான், வெளிய வந்து டயர்ல காத்து இருக்கான்னு அழுத்திப் பார்த்துட்டுப் போயிட்டாரு. ஆவணி பொறந்து ஒரு நல்ல நாள்ல கிளம்பினாங்க. எல்லப்பன் குழந்தையைத் தூக்கிக்கினு வந்து ரோட்டு மேல நின்னான், அது ஒவ்வொரு வண்டிக்கும் கை ஆட்டிச்சு.

திருச்சியில இருந்து போன் பண்ணான், மதுரையில இருந்து பண்ணான். நம்ம கோதண்டம் போன் பூத்துல இருந்து ஆள் ஓடி வந்து கூப்புடும், நான் மூச்சு வாங்க ஓடுவேன், அவன் சிரிச்சிக்கினே பேசுவான். எம்மா, பூக்காரம்மா கூட போடறாங்கம்மா, காலேஜ் பொண்ணுங்க வளையலைக் கழட்டிப் போடுதுங்கம்மான்னான். அதுக்கப்புறம் போனே இல்லை. நான் பூத்து வாசல்ல போய் உக்காந்து உக்காந்து பார்த்தேன், கோதண்டமே பாவப்பட்டு, நீங்க போங்கம்மா வந்தா நானே வந்து சொல்றேன்னான். அப்புறம் ஒருநாள் அஞ்சு பசங்க மட்டும் பஸ்ஸுல வந்து இறங்கினாங்க. தூத்துக்குடி பக்கம் கடலைப் பார்த்துட்டுப் போலாம்னு திரும்பியிருக்காங்க, வழியில செக்போஸ்ட்டு. பேனரைப் பார்த்தாங்களாம், ஊர் பேரைப் பார்த்தாங்களாம், உண்டியலைப் பார்த்தாங்களாம். யாருக்குடா வசூல் பண்றீங்க, படகுல யாருக்கு அனுப்பறீங்கன்னு ஆரம்பிச்சி ஏழு பேரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிட்டாங்க. அஞ்சு பேரை விட்டுட்டு கோபாலையும் தம்பியையும் வெச்சிக்கினாங்க. கோபால் தலைவன்னு. தம்பி எதுக்குன்னா எதிர்த்துப் பேசினானாம், அதோட அவன் பேரு. என்னல பேரு இது, ஒங்கப்பன் வச்சதா இயக்கத்துல வச்சதான்னு கேட்டாங்களாம்.

உங்க அப்பாவும் எல்லப்பனும் அன்னிக்கே பஸ் ஏறினாங்க. அங்க போய் உங்க அப்பா, ஐயா நான்தான் வெச்சேன், அவன் பொறந்தன்னிக்கு ஆசையா வெச்ச தமிழ்ப் பேருன்னு சொல்லியிருக்காரு. அதுக்கு அவங்க சிரிச்சாங்களாம். டாக்டர் குடுத்த காயிதத்தை எல்லாம் எல்லப்பன் காட்டியிருக்கான், காயிதம் யாரு வேணும்னாலும் அடிச்சிக்கலாம்னுட்டாங்க. கம்பெனியில இருந்து ஒரு வார்த்தை எழுதி வாங்கிக்கினு வான்னாங்க, திரும்பி வந்து கேட்டா, லீவுல போன ஆளுக்கு நாங்க எப்படிங்க பொறுப்பாக முடியும்னு ஆபீசர் கையை விரிச்சிட்டாரு. தெரிஞ்ச கட்சிக்காரர் வூட்டுக்குப் போனோம், இந்த நேரத்துல இதுல தலையிட்டா என்னையும் சேர்த்து இழுப்பாங்க பெரியம்மான்னு கும்பிடு போட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியலை, பயம் நிஜம்தானே. உங்க அப்பா சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து, ராமசாமி கோயிந்தசாமின்னு ஏதாவது வெச்சித் தொலைச்சிருக்கலாம்னு சொல்லி எழுந்து போயிட்டாரு.

நடுவுல இங்கயும் மப்டியில ரெண்டு போலீஸ்காரங்க வந்தாங்க. பெட்டியெல்லாம் கொட்டிப் பார்த்தாங்க. சுவத்துல இருந்த உன் கல்யாணப் படத்தைக் கழட்டி, இது யாரு, எங்க இருக்காங்க, ஏன் அவ்ளோ தூரம் போனாங்கன்னு கேட்டு உன் விலாசத்தை எழுதிக்கினாங்க. இரும்பு ஆலையில வேலைங்க, அதுக்குப் போனாங்கன்னேன். அதனால அங்க யாராவது வந்து விசாரிச்சா பயந்துக்காதே கண்ணு. உள்ளதைச் சொல்லு, குறைச்சும் சொல்லாதே கூட்டியும் சொல்லாதே. மாப்பிள்ளை கிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சிடு, நம்மால அவருக்கு வேலை இடத்துல ஒரு சொல்லு வரக் கூடாது.

அப்புறம் நடந்ததை எழுதத்தான் கை வரலை. எல்லப்பன் ஒருநாள் விடியக்காலையில வந்து, நான் குழந்தையையே கொண்டு போய்க் காட்டறேன்னு நின்னான். டாக்டர் அதைப் படிக்கட்டு கூட ஏத்தாதேன்னு சொல்லியிருக்காரு, இவன் பஸ்ஸுல தெற்கு கோடிக்குக் கொண்டு போறேன்றான். கன்னியம்மா அழுதுக்கினே துணிமணி கட்டிக்கினா. என் பொண்ணுக்காகப் போன புள்ளைம்மா, நான் எப்படி இங்க குந்தியிருப்பேன்னு என் கையைப் பிடிச்சிக்கினா. போவாதேன்னு சொன்னா என் புள்ளை, போன்னு சொன்னா அவ புள்ளை. எனக்கு ரெண்டுமே வாயில வரலை கங்கா. பஸ் கிளம்பற வரைக்கும் கம்பியைப் பிடிச்சிக்கினு நின்னேன், குழந்தைக்கு ஒரு பன்னு வாங்கிக் குடுத்தேன், அவ்ளோதான் செய்ய முடிஞ்சது.

ஸ்டேஷன் வாசல்ல இறங்கறப்பவே அதுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிடிச்சாம். அன்னிக்கு அங்க வேற ஒரு பெரிய ஆபீசர் இருந்திருக்காரு. அவரே எழுந்து நாற்காலி போட்டு, சோடா வாங்கியாரச் சொல்லி, உனக்காக வண்டியில வந்த ஆள் யாரு பாப்பான்னு கேட்டாராம். அது கம்பிக்குப் பின்னாடி நின்ன தம்பியைக் கையைக் காட்டி, பகல் மாமான்னு சொல்லிச்சாம். அவரு அதோட உதட்டையும் நகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, கூட்டிக்கினு போங்கய்யா, மொதல்ல இதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு ரெண்டு பேரையும் விட்டுட்டாரு. வண்டிங்களையும் குடுத்துட்டாங்க. உண்டியலை மட்டும் குடுக்கலை, கோர்ட்டுக்குப் போவணுமாம், அங்க இருந்து எப்ப வரும்னு யாருக்கும் சொல்லத் தெரியலை.

வர வழியிலேயே குழந்தைக்கு ஜுரம். இப்போ மெட்ராஸ் ஆஸ்பத்திரியில கிடக்குது. நெஞ்சுல சளி கட்டிக்கிச்சாம், அது எறங்கினாத்தான் கத்தி வைக்க முடியும்ன்றாங்க, எப்ப எறங்கும்னு கேட்டா பார்க்கலாம்ன்றாங்க. கம்பெனி பசங்க மறுபடியும் வசூலுக்கு ஆரம்பிச்சிருக்காங்க, கோபால் ஷிப்ட்டு முடிச்சி அதுக்குத்தான் அலையறான், அவன் மனசு அப்படி. நம்மவன் தெனமும் பஸ் பிடிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் வராந்தாவுல உக்காந்துட்டு வரான். வார்டு உள்ள போவறதில்லையாம், கன்னியம்மா கூப்பிட்டும் வர மாட்டேன்றானாம். எஸ்டியைத் தொடறதில்லை, சாக்கு போட்டு மூடி வெச்சிருக்கான். அடிச்சாங்களாடான்னு கேட்டேன், இல்லைன்னான். ஆனா சட்டையைக் கழட்டாமலே குளிக்கிறான். பெத்தவ நான், துணி துவைக்கிற எனக்குத் தெரியாதா. உங்க அப்பா அவன் எதிர்ல வரவே கூச்சப்பட்டுக்கினு பின் வாசல் வழியா போய் வராரு. ஒரே வாட்டிதான் பேசினான். அவளுக்காக நான் போனேன், கடைசியில எனக்காக அவ வந்தாம்மா, அவளுக்கு ஏதாவது ஆயிட்டா நான் இன்னாம்மா செய்வேன்னு கேட்டான். நான் அவன் தட்டுல இன்னும் ஒரு கை சோறு வெச்சேன். ஒண்ணும் ஆகாதுடான்னு சொல்ல நான் யாரு, டாக்டரா சாமியா.

கங்கா, நீ கிளம்பி வரணும்னு கேக்கலை. ஹேமந்தை வெச்சிக்கினு ரெண்டு நாள் ரயில்ல உன்னால ஆவாது, மாப்பிள்ளைக்கும் லீவு கிடைக்காது. தம்பி சின்ன வயசுல இருந்து என்கிட்ட சொல்லாததை உன்கிட்டதான் சொல்லுவான். அவனுக்குத் தனியா ஒரு லெட்டர் போடு. புத்தி சொல்லாதே, தைரியமா இருன்னு எழுதாதே, அதை எல்லாரும் சொல்லிட்டாங்க. ஹேமந்து இன்னா பேசறான், இன்னா சேட்டை பண்றான், அதை எழுது. நடுவுல எங்கயாவது ஒரு இடத்துல, நீ எப்படிடா இருக்கேன்னு கேளு.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஆயுசோட, மனசு நெறைஞ்சி, பெருமாள் துணையில நல்லா இருக்கணும். குளிர் வரதுக்குள்ள குழந்தைக்குக் காதை மூடறாப்பல ஒரு குல்லா வாங்கிடு. உங்க அப்பா உங்க மூணு பேருக்கும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாரு. மறக்காம ஒண்ணு, தம்பிக்கு எழுதறப்போ அம்மா எழுதச் சொன்னாங்கன்னு மட்டும் எழுதிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
சு. ராஜாமணி