மளிகைத் தாலாட்டு

என்னங்க,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் இருமல் நின்றதா? பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா?

நேற்று எங்கள் பள்ளியில் பல நாட்டுப் பண்பாட்டு விழா. ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தங்கள் மொழியில் ஒரு தாலாட்டுப் பாட வேண்டும். மேடை ஏறியதும் ‘ஆராரோ’வுக்கு மேல் எனக்கு ஒரு வரியும் வரவில்லை. இந்த வெளிநாட்டில் யாருக்குத் தமிழ் புரியப்போகிறது என்று அதே ராகத்தில் அரிசி, பருப்பு, புளி, வெல்லம் என்று மளிகைச் சாமானை இழுத்து இழுத்துப் பாடிவிட்டேன். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா தமிழ் என்பது எனக்குத் தெரியாது. தோளில் கைக்குழந்தையோடு வந்து மெதுவாகச் சொன்னாள்: “நல்லா இருந்துச்சு டீச்சர். கடுகு மட்டும் விட்டுப்போச்சு.”

சிரிக்காதீர்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அவள் அதோடு விட்டிருக்கலாம்.

“உங்க பாப்பாவுக்கு யாரு பாடுறாங்க?”

“அவங்கப்பா” என்றேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

நீங்கள் பாடுவதைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். இனி உங்கள் குரலைக் கேலி செய்ய மாட்டேன். மறக்காமல் இருமல் மருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன். பாப்பா தூங்கிவிட்டாள் என்று பாட்டைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். மிச்சம் எனக்கு.