மேலங்கியில் குத்திவைத்த ஊசி

பலக்லாவா படைமுகாம், கிரிமியா
ஜனவரி 1855

அன்புள்ள லெட்டி,

உன் இருமல் விட்டதா? அப்பாவின் மூட்டுவலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை. ராணுவ மருத்துவர்களான நாங்கள், நூல் கோத்த ஊசிகளை மேலங்கியின் மார்பில்தான் குத்தி வைத்திருப்போம். சட்டென்று எடுக்க வசதி. சார்ஜென்ட் டோபினின் கால் புண்ணைத் தைக்கும்போது பார்க்காமல் கை வைத்தேன். முந்தைய நோயாளியின் சீழ் படிந்த ஊசி ஒன்று என் வலது ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது.

"டாக்டரய்யா, தைக்கவேண்டியது என் காலு, உங்க விரல் இல்ல!" என்றான் டோபின். கூடாரமே சிரித்தது.

இன்று விரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. மணிக்கட்டிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மேலேறுகிறது. என்னோடு வேலை பார்க்கும் மருத்துவன் பிளாக்ஸம், "முழங்கையத் தாண்டுச்சுன்னா உன்னக் கேக்க மாட்டேன், கைய எடுத்துடுவேன்" என்கிறான். அவன் எதையும் பெரிதாக்குகிறவன்.

தேயிலையும் கம்பளிக் காலுறையும் அனுப்பு. எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே; இடது கையால் எழுதிப் பழகுகிறேன்.

பிளாக்ஸம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருகிறான், முடிக்கிறேன். எனக்குக் கையுறை பின்னுவதாக எழுதியிருந்தாயே, இடது கைக்கு முதலில் பின்னு. வலது கைக்கு அவசரமில்லை.

உன் எட்மண்ட்