அண்ணையிடம் அனுமதி

ஆவணி 4, வெள்ளி
சோளகக் காற்று. வாசிகசாலை மண்டபம் முழுக்கப் புழுதி. கூட்டியது நான்தான். கதிரை பதினொன்று, இரண்டுக்குக் கால் இல்லை.

நான் நெறிப்படுத்தும் நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கி மூன்றாம் கிழமை. நாடகம் நூறு வருடத்துக்கு முந்தியது, எழுதியவர் பெயர் கிழிந்துபோன பிரதி. மனைவி தன் சீதனக் காணியைத் தங்கைக்கு எழுதப் பார்க்கிறாள். புருஷன் கையெழுத்து வைக்க மறுக்கிறான். கடைசியில் அவள்தான் அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். திரை. அன்றைக்குக் கைதட்டியிருப்பார்கள். அந்த மனைவி வேடத்தைக் கட்டியதும் ஓர் ஆணாகத்தான் இருக்கும்.

முடிவை மாற்றுவோம் என்றேன். மனைவியாக நடிக்கும் சுமதி அக்கா விடவில்லை. முன்பள்ளி ரீச்சர், என்னைவிட எட்டு வயது மூப்பு.

"மாத்தாதேங்கோ தம்பி. எங்கடை தேசவழமைச் சட்டத்திலை காணி எழுத இண்டைக்கும் புருஷன்ரை கையெழுத்து வேணும். நான் விழுறன். ஆனா எழும்பமாட்டன். திரை மூடினாப் பிறகும்."

செய்து காட்டினார். புருஷனாக நடிக்கும் ராசன் வசனத்தை மறந்து நின்றான்.

ஆவணி 5, சனி
தேத்தண்ணிக் கடையில் இரண்டு பேர்.

"ரீச்சர் இப்ப நாடகக்காரியாம்."

"புருஷன் போக விட்டவனோ?"

"உவன் பாவமடா. சோறும் தானே காச்சுறானாம்."

சிரிப்பு. பிளேன்ரீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். நான் கோழை. புருஷன் அக்காவை மறித்துவிட்டால் நாடகம் இல்லை.

ஆவணி 6, ஞாயிறு
முந்திக்கொள்ள நினைத்தேன். பிஸ்கற் பெட்டியோடு அக்கா வீடு. அவருடைய புருஷன் தோட்டத்தில், காற்றுக்கு வாழைகளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு.

"அண்ணை, அக்கா நடிக்கிறதிலை உங்களுக்கு மறுப்பு இல்லைத்தானே?"

கெட்ட மனிதர் இல்லை. யோசித்தார்.

"சனம் கதைக்குது தம்பி. ஆனா நீர் வீடு தேடி வந்து மரியாதையாக் கேட்டிட்டீர். சரி, விடுறன். ஆறு மணிக்கு முன்னம் அனுப்பிப்போடும்."

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

சைக்கிளில் பாடிக்கொண்டு திரும்பினேன். வென்றுவிட்டேன்.

ஆவணி 8, செவ்வாய்
நாலு மணி. அக்கா வரவில்லை. போன் எடுத்தேன்.

"ஏன் அக்கா? அண்ணை ஓமெண்டிட்டாரே."

"ஓம். அதுதான். மூண்டு கிழமையா நான் ஒருத்தரையும் கேக்கேல்லை. போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். அவர் முறைச்சார், ஆனா மறிக்கேல்லை. இப்ப நீங்கள் போய்க் கேட்டு, என்னை அவர் விட்டாத்தான் வாறவளாக்கிப்போட்டியள். இனி ஒவ்வொரு நாளும் கேட்டுத்தான் வரவேணும்."

"உங்களுக்காண்டித்தானே அக்கா..."

"என்னட்டைக் கேட்டனீங்களோ?"

வைத்துவிட்டார்.

ஆவணி 9, புதன்
ஒத்திகை இல்லை. உடுப்புத் தோய்த்தேன். பருப்பு அடிப்பிடித்தது.

மன்னிப்புக் கேட்கப் போகலாம். போனால் படலையில் அண்ணை நிற்பார். அவரைத் தாண்டித்தான் அக்காவிடம் போக வேண்டும். அந்த வழியைத் திறந்து வைத்ததே நான்.

இந்த ஊரில் இதையெல்லாம் நான் போய்ச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அக்காதான்.

ஆவணி 11, வெள்ளி
வேறு பெண் கிடைக்கவில்லை. மனைவி வேடத்தை நானே எடுத்தேன். வேட்டிக்கு மேலே சேலை.

ராசன் என்னைப் பார்த்து: "அண்ணை, அந்தக் காலம் மாதிரியே வந்திட்டுது!" எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசிக் காட்சி. விழுந்தேன். சீமெந்து, புழுதி, ராசனின் கால்விரல்கள். "திரை" என்றான். எழும்பாமல் கிடந்தேன். மனதுக்குள் எண்ணினேன். பதினைந்துக்கு மேல் கிடக்க முடியவில்லை.