நடுங்கத் தெரியாத குட்டி

டிசம்பர் 18, வியாழன்

இல்லை, சாகவில்லை. காலையில் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் மழையில் விறைத்துக் கிடந்த நாய்க்குட்டி பிழைத்துக்கொண்டது. பிறந்து இரண்டு நாள்கூட இருக்காது. தாயைக் காணோம். நான் முதலில் பால் புகட்டப் போனேன். நாய் டாக்டரிடம் வேலை செய்யும் ஸ்டெல்லா அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"டேய் அறிவாளி, ஒடம்பு ஜில்லுனு கீது. இப்ப பால் ஊத்துனா செரிக்காம செத்துடும். சட்டைக்குள்ள போடு."

"நடுங்கவே இல்லியேக்கா?"

"இந்த வயசுல அதுக்கு நடுங்கவே தெரியாதுடா. இப்போதைக்கு உன் சூடுதான்."

நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் குட்டி சூடாகி வாயைத் திறந்தது. நான் எதுவுமே செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். பிளஸ் டூவையே பாதியில் விட்டவன் நான். என் உடம்பு மட்டும் மழையோ வெயிலோ, ஒரு நாள் லீவு போடாமல் அதே சூட்டைக் காத்துவந்திருக்கிறது. இன்றைக்கு இன்னொரு உயிருக்கும் சேர்த்து!

முனகுகிறது. பசி போல. போகணும்.