கலேயோ என்றால் குரல்

2024 ஜூன் 9
ஆலங்குடாவில் காற்று ஏறிவிட்டது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் கடல்மேல் பாய வந்தவர்களால் நான் வேலை செய்யும் விடுதி நிறைந்து கிடக்கிறது. நான்காம் அறைக்காரி ஹவாயிலிருந்து வந்தவள். படுக்கை விரிப்பு மாற்றப் போனபோது பேரைக் கேட்டேன். கலேயோ. குரல் என்று அர்த்தமாம். அவள் தாய் வயிற்றில் இருந்தபோது, கடற்கரையில் யாரோ அந்தப் பேரைச் சொன்னது அவளுடைய வாப்பாவுக்குக் கேட்டதாம். திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. அப்படி வரும் பேரை வைக்காவிட்டால் பிள்ளை தேறாது என்று அங்கே பழைய ஆட்கள் நம்பினார்களாம். என் வயிற்றைப் பார்த்து, உனக்கு ஏதும் கேட்டதா என்றாள். படகு மோட்டார் சத்தம்தான் கேட்கிறது என்றேன். சிரித்தோம்.

ஜூன் 10
என் கணவர் றஊப்பிடம் இதைச் சொன்னேன். "ஏழாம் நாள் முடியிறக்கிப் பேர் வைப்பம். அதுக்கு முந்திப் பேர்க் கதை வேணாம் ஸும்றா." ஆனால் கிழிந்த வலை பொத்தும்போது, பிள்ளை பிறந்ததும் காதில் சொல்ல வேண்டிய பாங்கை, அந்தத் தொழுகை அழைப்பை, மெல்லச் சொல்லிப் பழகுகிறார். கள்ள மனிசன்.

ஜூன் 27
இரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஏழு மாதம்தானே, யா அல்லாஹ் —

ஜூன் 30
மகன். மவுத்து.
அழுதான். ஒரே ஒரு தரம், பூனைக்குட்டி மாதிரி. வயிற்றிலேயே உயிர் போய்விட்டது, நீ மயக்கத்தில் இருந்தாய் என்கிறார் டாக்டர். அடக்கப் போனபோது பள்ளிவாசல் லெப்பை கேட்டது அந்த ஒன்றைத்தான்: "அழுதிச்சா?" பிள்ளை பிறந்தபோது அறைக் கதவடியில் நின்றிருந்த றஊப், "இல்ல" என்றாராம். பிறந்து அழாத பிள்ளைக்கு அடக்கும்போது தொழுகை இல்லை. பேராவது வைக்கலாம் என்றாராம் லெப்பை. றஊப்தான் வேண்டாம் என்றிருக்கிறார். பாங்கும் இல்லை. துணியில் சுற்றி அடக்கிவிட்டு வந்தார்.

ஜூலை 4
ஏழாம் நாள். பேர் இல்லை. என்ட புள்ள அழுதான். ஏன் ஒருத்தரும் நம்புறீங்க இல்ல? நான் என்ன பைத்தியக்காரியா?
எனக்கு முன்கூட்டி ஒரு பேரும் கேட்கவில்லையே. கேட்டிருக்க வேண்டுமோ?

ஆகஸ்ட் 2
வேலைக்குப் போனேன். நான்காம் அறையில் வேறு ஆள். என்ன பேர் வைத்தாய் என்று கேட்கக் கலேயோ இல்லாதது நல்லது.

ஆகஸ்ட் 19
றஊப் கடலுக்குப் போகவில்லை. வலையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். "பிலால்" என்றேன். முதன்முதல் பாங்கு சொன்னவருடைய பேர். நம் ஆட்களில் குரல் என்றால் அவர்தானே. ஏசுவார் என்று நினைத்தேன். உடுத்திருந்த சாரத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.
"நானும் கேட்டன் ஸும்றா. ஒருக்கா அழுதான். டாக்டர் இல்ல எண்டிட்டார். படிச்ச மனிசன். எதிர்த்துக் கதைக்க எனக்கு வாய் வரல்ல."
அடித்தேன். கை ஓயும்வரை அவர் நெஞ்சில் அடித்தேன். அவர் தடுக்கவில்லை.

ஆகஸ்ட் 20
விடிகாலை சுப்ஹுத் தொழுகைக்குப் பிறகு றஊப் லெப்பையைக் கூட்டிக்கொண்டு மையவாடிக்குப் போய், பிள்ளையை அடக்கிய கபுறடியில் நின்று தொழுதுவிட்டு வந்தார். பேர் என்ன என்று லெப்பை கேட்டாராம். இவர் சொன்னாராம்.
"உரத்துச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.
"ஓம்" என்றார்.