எட்டுக்கு எட்டு

ஏப்ரல் 9, வியாழன்

இன்று ஒரு வரி எழுதினேன். ஒரே வரி. வீட்டில் சொன்னால் ராமதாஸ் சிரிப்பார். ஜூஸ் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்வது? இங்கேதான்.

கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேமரா, போன பௌர்ணமியன்று மாலை நான்கு மணியிலிருந்து எட்டு மணி நேரம் ஆட்களை எண்ணியிருக்கிறது. அந்தக் கணக்கை வைத்துச் சித்ரா பௌர்ணமிக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று மதிப்பிட்டாயிற்று. குறுக்கே லிங்கத்துக்கு ஒரு வரிசை, மேலிருந்து கீழாக மணிக்கு ஒரு பத்தி. எட்டுக்கு எட்டு. இன்னொரு பக்கம், எந்த இடம் மணிக்கு எத்தனை பேரைத் தாங்கும் என்ற வரம்பு. அது எட்டே எண்கள்.

‘கூட்டம் வரம்பை மீறுகிறதா?’ என்று ஒரு தடவைதான் கேட்டேன். அந்த எட்டு எண்களும் தாமாகவே விரிந்து அட்டவணை முழுக்கப் பரவி, அறுபத்து நான்கு கட்டத்துக்கும் ஆம், இல்லை என்று பதில் வந்துவிட்டது. பிராட்காஸ்டிங் என்கிறார்கள். கல்லூரியில் ‘ஆர்’ என்ற கணினி மொழியில் செய்ததுதான், பைத்தானில் இதுவே முதல் முறை. இமைக்கக்கூட நேரமில்லை! அத்தனை லட்சம் பேர் மலையைச் சுற்றியது என் ஒரு வரிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. உண்மையில் மெய்சிலிர்த்தது. பக்கத்து மேஜையில் யாராவது இருந்திருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஏப்ரல் 10, வெள்ளி

கலெக்டர் ஆபீசுக்கு அறிக்கை போய்விட்டது. மீறிய கட்டங்கள் சிவப்பு, மற்றவை பச்சை. ஒன்பது மணிப் பத்தி மட்டும் மேலிருந்து கீழ்வரை சிவப்பு. எல்லா லிங்கத்திலும் ஒரே நேரத்தில் நெரிசலா என்று ஒரு கணம் தோன்றியது. பிரசாத் சார் எட்டிப் பார்த்தார். வேங்கிக்காலில் எங்கள் சின்னக் கம்பெனியை நடத்துபவர் அவர்தான்.

“ஒம்போது மணிக்கு கூட்டம் ஜாஸ்தியாதான் இருக்கும். கரெக்டா வந்திருக்கு, அனுப்பிடு சிந்துஜா” என்றார்.

இந்தச் சிவப்பையும் பச்சையையும் வைத்துத்தான் எங்கே கடை போடலாம், எங்கே மருத்துவக் குழு நிற்க வேண்டும் என்று முடிவு செய்யப்போகிறார்கள்.

ஏப்ரல் 13, திங்கள்

ராமதாஸுக்குக் கரும்புச்சாறு வண்டி போட வாயு லிங்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்திருக்கிறது! அங்கே கால்வாய் வேலைக்காகப் பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மீதியில் எல்லோரும் மெதுவாகத்தான் போக வேண்டும், மெதுவாகப் போனால் தாகம் எடுக்கும் என்பது அவர் கணக்கு. செங்கம் ரோட்டுக் கடையை அன்று சாத்திவிட்டு அங்கேயே நிற்கப்போகிறாராம். கரும்புக்கும் சொல்லியாயிற்று. வருஷத்தில் அவருக்கு இதைவிடப் பெரிய நாள் கிடையாது. ரொம்ப நாள் கழித்து வீட்டில் விசில் சத்தம்.

ஏப்ரல் 16, வியாழன்

வெயில். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 20, திங்கள்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பள்ளி விடுமுறை, ஜனங்கள் சீக்கிரமே நடக்க ஆரம்பிப்பார்கள், மூன்று மணியையும் சேர்த்துவிடு என்றார் சார். அதற்கும் கூட்டத்தை மதிப்பிட்டுச் சேர்த்தேன். அதே வரியை ஓட்டினேன். மாட்டேன் என்றது. எட்டும் ஒன்பதும் பொருந்தவில்லை என்று சிவப்பில் திட்டியது.

ஏன் பொருந்த வேண்டும்? வரம்பு இடத்துக்குத்தானே? இடம் அதே எட்டுதானே? மணிகளோடு அதற்கு என்ன வேலை—

அப்போதுதான் உறைத்தது.

‘ஆர்’ அந்த எட்டு எண்களை மேலிருந்து கீழாக வைத்துப் பார்க்கும், இடத்துக்கு ஒன்றாக. பைத்தான் இடமிருந்து வலமாக வைக்கும், மணிக்கு ஒன்றாக. நான் பழைய பழக்கத்தில் எழுதிவிட்டேன். இடமும் எட்டு, மணியும் எட்டு, அதனால் அது வாய் திறக்கவில்லை. ஆறாவது இடம் வாயு லிங்கம். ரோடு பாதியாகிவிட்டதால் அதற்குத்தான் மிகச் சின்ன வரம்பு. அந்த வரம்பு ஆறாவது மணியான ஒன்பது மணிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் ஒன்பது மணி எங்கும் சிவப்பு!

வரம்புப் பட்டியலை நிமிர்த்தி வைத்து மறுபடி ஓட்டினேன். ஒன்பது மணிப் பத்தியில் பச்சை எட்டிப் பார்த்தது. வாயு லிங்கத்து வரிசை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சிவப்பு. ஒரு கட்டம்கூட மிச்சமில்லை.

எவ்வளவு பெரிய விஷயம் இது! நான் கேட்டதற்கு அது முதலிலேயே சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. கேட்டதுதான் வேறு கேள்வி. இன்று அது முரண்டு பிடித்திருக்காவிட்டால் எனக்குத் தெரியவந்தே இருக்காது. அந்தத் திட்டு வரியைக் கும்பிட வேண்டும்போல் இருக்கிறது.

அந்த வரிசையில்தான் ராமதாஸின் வண்டி.

ஏப்ரல் 21, செவ்வாய்

காலையில் முதல் வேலையாக சாரிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மேப்பே அடிச்சாச்சேம்மா. ஒம்போது மணிக்கு கூட்டம் வரும்னு சொன்னது ஒண்ணும் பொய் இல்லியே?”

“பொய் இல்ல சார். ஆனா வாயு லிங்கத்துல மத்த நேரத்துல யாராச்சும் விழுந்தா?”

பைக் சாவியை எடுத்தார். அதற்காகவே அவரை எவ்வளவு வேண்டுமானாலும் மன்னிப்பேன். கலெக்டர் ஆபீசில் இந்த ஏற்பாடுகளைப் பார்க்கும் மேடத்திடம் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினேன். திட்டு விழும் என்று நின்றிருந்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

“இந்தத் தடவ சரின்னு எப்டி சொல்றீங்க?”

ஒவ்வொரு கட்டமாகக் கையால் கழித்துச் சரிபார்த்த தாளைக் கொடுத்தேன். வாயு லிங்கத்தில் இரண்டு பக்கமும் கடைகள் கிடையாது, அங்கே ஒரு மருத்துவக் குழு என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து இவரிடம் நானே சொன்னேன். யாரோ சொல்லிக் கேட்கக் கூடாது.

“இத்தனை கட்டத்துல என் வண்டி நிக்கிற எடந்தான் கெடச்சுதா உனக்கு?”

“எல்லா எடத்துக்கும் ஒரே கேள்விதாங்க கேட்டேன்.”

சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்னும் பேசவில்லை. சொன்ன கரும்பைத் திருப்பிவிட்டார் போலிருக்கிறது. வேறு இடம் எல்லாம் முன்பே போய்விட்டது. நான் செய்தது சரிதான், தெரியும். தெரிந்து என்ன? தினமும் ரசம் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மே 1, வெள்ளி

சித்ரா பௌர்ணமி. மாலையில் அலுவலக மாடியிலிருந்து பார்த்தேன். பஸ், வேன், ஆட்டோ, நடை. வந்துகொண்டே இருக்கிறார்கள். வெறுங்காலோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. இவர்களைத்தானா நான் எண் என்று எழுதினேன்? மலை மட்டும் ஒன்றும் அறியாததுபோல் நிற்கிறது.

இவரும் நடக்கப் போயிருக்கிறார். வண்டி இல்லாமல்.

மே 2, சனி

காலையில் திரும்பி வந்தார். கால் கழுவினார். நேராக வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து நாளைக்குப் பிறகு பேச்சு.

“வாயு லிங்கத்துகிட்ட ஒரு அம்மா மயங்கி விழுந்துட்டாங்க. சரியான கூட்டம், மூச்சு வுட முடியல. ஓரமாவே ஸ்ட்ரெச்சர் கொண்டாந்து தூக்கிட்டு போய்ட்டாங்க. கண்ண தொறந்துட்டாங்களாம்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “என் வண்டிய அந்த ஓரத்துலதான் போட்டிருப்பேன் சிந்து.”

தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“அந்தப் படத்த காட்டு. மொதல்ல தப்பா அனுப்பினியே, அது.”

லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். ஆறாவது வரிசையைக் கண்டுபிடித்து விரலை வைத்தார்.

“அவங்க விழுந்தப்ப எட்டு, எட்டேகால் இருக்கும். எந்தக் கட்டம்?”

அவர் விரலைப் பிடித்து எட்டு மணிப் பத்திக்கு நகர்த்தினேன். பச்சை.