திரும்பி வரக் கூடாத பை

அக்கா,

பீரோவின் மேலிருந்து உங்கள் கித்தான் பையை இறக்கினேன். வறுத்த கேழ்வரகு மாவின் வாசனை வந்தது. ஒரு வருடமாகியும் போகாத வாசனை. உள்ளே மாவு டப்பாவில் இப்போது வண்டுதான் இருக்கும், திறக்கவில்லை. மத்தியானத்திலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். ரோட்டில் பஸ் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன். நாளைக் காலை நான் கல்கத்தாவுக்குப் புறப்பட வேண்டும். புறப்படுவேனா என்று இந்த நிமிஷம் வரை எனக்கே தெரியாது.

"அங்க எல்லாத்துலயும் கடுகெண்ணெய ஊத்துவாங்களாம். மாவக் கரைச்சிக் குடிச்சிக்கினு ஊரச் சுத்தலாம், வுடு" என்றீர்கள். போன வருஷம், நம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில், தேசப்படம் உங்கள் மடியில் விரிந்து கிடந்தது. எனக்கு டிராமில் ஏற வேண்டும், பெரிய பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்க்க வேண்டும். சயன்ஸ் டீச்சரான உங்களுக்குக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்து ஆலமரம் ஒன்று போதும். அடிமரம் நோய்கண்டு, அதை வெட்டி எடுத்த பிறகும் விழுதுகளைக்கொண்டே நிற்கிற மரம். "புஸ்தகத்துல படிச்சாச்சி. நடுவுல, அந்த இல்லாத எடத்துல போயி நின்னு பாக்கணும்" என்பீர்கள்.

நாம் கிளம்ப இருந்த செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம், ஆகாது என்று உங்கள் அண்ணன் பஞ்சாங்கத்தோடு வந்து நின்றார்.

"பெங்களூருக்கு மேக்கால போறோம். அங்கேருந்து மெட்ராசுக்குக் கெழக்கால திரும்பறோம். அப்புறந்தான் வடக்கு. உன் சூலம் எந்த ஸ்டேஷன்லண்ணா ஏறும்?" என்று கேட்டீர்கள். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் அவர் மனசுக்காகப் பரஸ்தானம் வைக்க ஒப்புக்கொண்டோம். நல்ல நேரத்தில் மூட்டையை மட்டும் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகிவிடும். பிறகு எந்தக் கிழமை கிளம்பினாலும் தோஷமில்லை. ஆனால் போய்வராமல் அது வீடு திரும்பக் கூடாது.

வியாழக்கிழமை காலை உங்கள் பை என் வீட்டுக்கும், என் டிரங்குப் பெட்டி உங்கள் வீட்டுக்கும் புறப்பட்டன. நடுத்தெருவில் எதிரெதிரே வந்தோம். "என்னாங்க டீச்சரம்மா, கல்கத்தா இந்தப் பக்கமா?" என்று உரக்கக் கேட்டீர்கள். தெருவே சிரித்தது.

சனிக்கிழமை நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் அண்ணனும் பையைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. போன வாரம்தான் சைக்கிள் கேரியரில் என் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"எத்தினி நாளைக்கி எங்க வூட்ல கெடக்கறது? புடிச்சிக்கங்கம்மா. அவ பையக் குடுத்துடுங்க."

"உள்ள கொண்டாராதீங்கண்ணா."

"ஏனாம்?"

"திரும்பி வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கயிற்றை அவிழ்த்த கை அப்படியே நின்றது. "போறவளே போயிட்டா. இனிமே என்னாம்மா பயணம்?"

"நான் இருக்கறனே."

யோசித்துச் சொன்னதில்லை அக்கா, வாயில் வந்துவிட்டது. அவர் மறுபடி கயிற்றை இறுக்கிக் கட்டினார். "என்னிக்கி?" என்றார். லீவுக்கும் ரயிலுக்கும் ஒத்துவருவது இந்த வருஷமும் செவ்வாய்க்கிழமைதான் என்றேன். அடுத்து சூலம் வரும் என்று காத்திருந்தேன்.

"பொட்டிதான் எப்பவோ கெளம்பிடிச்சே. சூலம் ஒண்ணியும் பண்ணாது" என்றவர், சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர், "யோசிச்சிக்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். போகாதே என்றாலாவது சண்டை போட்டிருப்பேன். ஜூஜுவாடி எல்லையைத் தாண்டிப் பெங்களூர் வரை எத்தனையோ முறை தனியாகப் போனவள்தான். பயம் வழியைப் பற்றியதில்லை. அந்த மரத்தின் நடுவே, நீங்கள் சொன்ன இல்லாத இடத்தில், தனியே நிற்பதை நினைத்தால்தான் கால் பின்வாங்குகிறது.

இவ்வளவும் எழுதிய பிறகு டப்பாவைத் திறந்தேன். வண்டேதான். கொல்லையில் கொட்டினேன், கோழிகள் ஓடி வந்தன. டப்பாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். களிக்கு அரைத்த மாவு வீட்டில் இருக்கிறது. அடுப்பில் வாணலி காய்கிறது.

காலையில் உங்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருவேன். என் பெட்டியை எடுத்துக்கொண்டு அங்கிருந்தே பஸ்ஸுக்குப் போய்விடுவேன். உங்கள் டப்பா எனக்குப் பெரியது, அக்கா. இருந்தாலும் நிறைய வறுக்கிறேன்.